மூணே வாரத்துல விரிஞ்ச மூலை: ஒரு ஜிப்சம் போர்டு சுவத்தை அறுத்துப் பாத்ததுல தெரிஞ்சது

ஹாலை ரெண்டா பிரிச்சு அம்மாவுக்கு ஒரு தனி ரூம் போட்டேன். இரும்பு சேனல்ல சட்டம் கட்டி ரெண்டு பக்கமும் ஜிப்சம் போர்டு (நடுவுல ஜிப்சம், ரெண்டு முகத்துலயும் பேப்பர்) அடிச்ச சுவர். மேலேருந்து பாத்தா எல் எழுத்து மாதிரி மடங்கி வரும், நீளமான கை 12 அடி, குட்டைக் கை 8 அடி, உயரம் 9 அடி. போர்டு எல்லாம் 8 அடிக்கு 4 அடி, தடிமன் 12.5 மி.மீ. சேனல் நிறுத்துனது, போர்டு அடிச்சது, போர்டும் போர்டும் சேர்ற ஜாயின்ட்ல டேப் ஒட்டுனது, அதை மறைக்கப் பட்டி பூசுனது, பெயின்ட் எல்லாமே நான் தான், மச்சான் ரெண்டு சனி ஞாயிறு வந்து போர்டு தூக்கிப் பிடிச்சார். பட்டி வேலையை 4 நாள்ல முடிச்சு 5ஆவது நாள் பெயின்ட் அடிச்சாச்சு. அன்னிக்குப் பகல் வெளிச்சத்துல சுவர் நல்லா தான் இருந்துச்சு.

மூணாவது வாரம் அம்மா கூப்பிட்டாங்க. "ஏம்பா, இந்த மூலைல மேலேருந்து கீழ வரைக்கும் பென்சில் கோடு மாதிரி ஒண்ணு ஓடுதே, அளவுக்குப் போட்டதை அழிக்க மறந்துட்டியா?" நகத்தால தடவிப் பாத்தேன், கோடு இல்ல, விரிசல். எல்லோட உள்மூலைல, சரியா நடு மடிப்புல, ஏழு அடி நீளத்துக்கு.

அதுக்கப்பறம் கண்ணு அதையே தேட ஆரம்பிச்சுடுச்சு. சாயங்காலம் லைட் போட்டா 8 அடி உயரத்துல சுவர் பூரா குறுக்க ஒரு மேடு தெரிஞ்சுது, ஒரு நேர் ஜாயின்ட்ல டேப் ஒரு சாண் நீளத்துக்கு உப்பியிருந்துச்சு, வெளிமூலைல விளிம்புலேருந்து மூணு செ.மீ தள்ளி விளிம்புக்கு இணையா இன்னொரு மெல்லிசு விரிசல், பழைய கல்சுவரோட சேர்ற இடத்துலயும் சீலிங்கைத் தொடுற இடத்துலயும் பல்லு பல்லா பிளவு, அங்கங்க ஸ்க்ரூ தலை பரு மாதிரி எட்டிப் பாக்குது. சரி, பட்டி தான் சரியில்ல போலன்னு நினைச்சு டப்பாவைத் திறந்து எல்லாத்துக்கும் மேல இன்னொரு பூச்சு இழுத்து விட்டேன். ரெண்டே வாரம். அதே விரிசல் அதே இடத்துல, ஒரு மி.மீ கூட நகராம திரும்ப வந்துச்சு. அப்ப தான் உறைச்சுது, மேல பூசறது எதுவும் இதுக்கு மருந்து இல்ல, அடியில என்ன இருக்குன்னு பாக்கணும்.

மச்சானுக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர், போர்டு வேலைலயே வயசானவர், ஒரு நாள் வந்து பாத்தார். அவர் விரிசல் பக்கமே போகல. அதுக்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையை வச்சு அமுக்குனார், விட்டார், திரும்ப அமுக்குனார்.

"தம்பி, இங்க கை வையுங்க. ஆடுதா?"

"ஆடுது ஐயா."

"போர்டு ஆடுனா பட்டி என்ன செய்யும்? நீங்க எவ்ளோ பட்டி போட்டீங்கன்னு நான் கேக்கல. இதுக்குப் பின்னாடி சேனல் எங்க இருக்கு?"

பதில் சொல்ல முடியல. அந்த வாரம் தான் சுவத்தை அறுக்கறதுன்னு முடிவு பண்ணேன். ஒவ்வொரு குறைக்கும் ஒரு இடம்னு ஆறு இடத்துல வெட்டி, அடுக்கடுக்கா உரிச்சு, அளந்து, போட்டோ எடுத்து வச்சேன். அதுல கண்டது தான் இது, வீட்ல தானே செஞ்சுக்கறவங்களுக்கு உதவும்னு முழுசா எழுதறேன்.

உள்மூலை: மூணு தப்பு ஒண்ணு மேல ஒண்ணா

இந்த மூலை தான் எனக்கு நிறைய சொல்லிக் குடுத்துச்சு. பட்டியைச் சுரண்டி எடுத்ததும் மெஷ் டேப் (வலை மாதிரி இருக்கிற டேப்) நடுவுல ரெண்டா விரிஞ்சு தெரிஞ்சுது, அதுக்கு அடியில போர்டுக்கும் போர்டுக்கும் நடுவுல 7 மி.மீ இடைவெளி, அந்த இடைவெளி பூரா நான் டப்பாலேருந்து எடுத்து அடைச்ச ரெடிமேட் பட்டி. அது காஞ்சு சுருங்கி ரெண்டு பக்கத்தையும் விட்டுட்டு நடுவுல தனியா ஒரு கட்டி மாதிரி நின்னுச்சு, விரலால தட்டுனா ஆடுது.

ரெடிமேட் பட்டி, அதாவது டப்பால குழைச்சே வர்ற ஜாயின்ட் காம்பவுண்ட், தண்ணி ஆவியாப் போய்க் காயற சரக்கு. தண்ணி போன அளவுக்கு அது சுருங்கியே ஆகணும், மெல்லிசா போட்டா அந்தச் சுருக்கம் தெரியாது, 7 மி.மீ குழில அடைச்சா கண்டிப்பா தெரியும். பொடியா வர்றது வேற ஜாதி. அதுல இருக்கறது சூடாக்கித் தண்ணியை எடுத்த ஜிப்சம். இயற்கையா கிடைக்கிற ஜிப்சத்தோட எடைல ஏறக்குறைய 21 சதவீதம் தண்ணி, அதுல முக்கால்வாசியைச் சூட்டுல விரட்டிப் பொடியாக்கறாங்க, நாம தண்ணி ஊத்துனதும் அது அந்தத் தண்ணியைத் திரும்ப இழுத்துக்கிட்டு கல்லா இறுகுது. காத்து ஈரமா இருந்தாலும் இறுகும், சுருக்கம் ரொம்பக் கம்மி. 3 மி.மீக்கு மேல இருக்கிற எந்த இடைவெளியையும் டேப்புக்கு முன்னாடி இந்தப் பொடியால தான் அடைக்கணும், அடைச்சு இறுகுனப்பறம் தான் டேப்பே ஒட்டணும். நான் அடைச்சது, ஒட்டுனது ரெண்டையும் ஒரே மூச்சுல பண்ணேன்.

ரெண்டாவது தப்பு மெஷ் டேப். பின்னாடி பசை இருக்கு, சும்மா ஒட்டிக்கிட்டே போலாம், அந்தச் சுகத்துக்கு ஆசைப்பட்டுட்டேன். மெஷ் கண்ணாடி நார்ல பின்னுனது, வலைங்கறதால கொஞ்சம் இழுத்துக் குடுக்கும், அதைக் கெட்டியாப் பிடிச்சு வைக்க பொடிப் பட்டி தான் வேணும், ரெடிமேட் பட்டியோட அது சேராது. அதுவும் மூலைல மெஷ் கூர்மையா மடியாது, வளைஞ்சு தான் நிக்கும், அந்த வளைவை மூலையா காட்டறதுக்கு நாம மேல மேல பட்டி போடுவோம். பேப்பர் டேப்ல நடுவுல மடிப்புக் கோடு போட்டே வரும், மூலைக்குன்னே செஞ்ச மாதிரி உக்காரும், இழுத்தாலும் நீளாது.

ஆனா மேல சொன்ன ரெண்டும் சரியா இருந்திருந்தாலும் அந்த மூலை விரிஞ்சிருக்கும், ஏன்னா மூணாவது தப்பு தான் உண்மையான காரணம். குட்டைக் கையோட முதல் சேனலை நான் மூலைலேருந்து 15 செ.மீ தள்ளி நிறுத்தியிருந்தேன், 2 அடி இடைவெளிக் கணக்கு கதவுப் பக்கத்துலேருந்து எண்ணிட்டு வந்தா அங்க தான் விழுந்துச்சு. அதனால போர்டோட ஓரம் 15 செ.மீ அகலத்துக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்லாம காத்துல தொங்குச்சு. கையால அமுக்குனா 2 மி.மீ உள்ள போகுது. கதவை ஒவ்வொரு தடவை சாத்தும்போதும் அந்த ஓரம் அசைஞ்சிருக்கும், டேப் எவ்ளோ நாள் தாங்கும்? மூலைனு ஒண்ணு வந்தா ரெண்டு போர்டோட ஓரத்துக்கும் பின்னாடி இரும்போ மரமோ ஒண்ணு நிக்கணும், இடைவெளிக் கணக்கு எங்க வேணா விழட்டும், மூலைக்கு ஒரு சேனல் கூடுதலா போட்டே ஆகணும்.

உப்புன டேப்

நேர் ஜாயின்ட்ல பேப்பர் டேப் தான் போட்டிருந்தேன். உப்புன இடத்தை பிளேடால கீறி எடுத்தா டேப்போட முதுகு சுத்தமா, வாங்குன அன்னிக்கு இருந்த மாதிரியே இருந்துச்சு. ஒரு சொட்டு பட்டி ஒட்டல. ரெண்டு சாண் தள்ளி உரிக்கப் பாத்தேன், அங்க டேப்பே கிழியுது, அவ்ளோ கெட்டியா பிடிச்சிருக்கு. ஒரே ஜாயின்ட், ஒரே கை, ஒரே பட்டி, ஏன் இப்படின்னு யோசிச்சப்ப ஞாபகம் வந்துச்சு. 9 அடிக்கும் ஒரே நேரத்துல பட்டியை இழுத்து வச்சுட்டு நடுவுல போன் வந்து பத்து நிமிஷம் பேசிட்டு வந்து டேப் ஒட்டுனேன். அதுக்குள்ள பட்டி மேல ஏடு கட்டிடுச்சு. பேப்பர் ஒட்டணும்னா பட்டியோட ஈரம் பேப்பருக்குள்ள ஏறணும், ஏடு கட்டுன பட்டில அது நடக்காது. கீழ்ப்பகுதில இன்னொரு சின்ன உப்பல் இருந்துச்சு, அது வேற காரணம், அங்க பட்டித் தகட்டை ரொம்ப அழுத்தி இழுத்து டேப்புக்கு அடியில இருந்த பட்டியை மொத்தமா வழிச்சு எடுத்துட்டேன்.

இதைப் பாத்தப்பறம் நான் ஒரு பழக்கம் வச்சுக்கிட்டேன். ரெண்டு மூணு அடிக்கு மட்டும் பட்டி, உடனே டேப், அழுத்தி இழுத்ததும் டேப்போட நுனியைத் தூக்கி முதுகைப் பாக்கறது. முதுகு பூரா ஈரப் பட்டி ஒட்டியிருந்தா சரி. அங்கங்க பேப்பர் நிறமா திட்டு தெரிஞ்சா அப்பவே உரிச்சு திரும்ப பட்டி வச்சு ஒட்டணும். அந்த நேரத்துல ஒரு நிமிஷ வேலை, பெயின்ட் அடிச்சப்பறம் ஒரு நாள் வேலை.

வெளிமூலை

இங்க துத்தநாகம் பூசுன இரும்பு கார்னர் பீட் போட்டிருந்தேன், அதாவது மூலையோட ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இறக்கை படியற மாதிரி மடிச்ச பட்டை. நல்ல சாமான் தான், தப்பு நான் அடிச்ச விதத்துல. ஒரு இறக்கைல ஸ்க்ரூ எல்லாம் சேனல்ல இறங்கியிருந்துச்சு, இன்னொரு இறக்கைல பாதி ஸ்க்ரூ வெறும் போர்டுல மட்டும் நின்னுச்சு, அதுங்க எதையும் பிடிக்கல. நாற்காலி ஒரு தடவை இடிச்சிருந்தாலே அந்த இறக்கை துள்ளும், துள்ளுனா இறக்கை முடியற கோட்டுல பட்டி விரியும். விளிம்புலேருந்து மூணு செ.மீ தள்ளி ஏன் விரிசல்னு குழம்பிட்டிருந்தேன்ல, இறக்கையோட அகலமே அவ்ளோ தான். இன்னொண்ணு, பீடைத் தரையைத் தொடற மாதிரி வெட்டி நிறுத்தியிருந்தேன். வெட்டுன முனைல துத்தநாகப் பூச்சு இருக்காது, தரை துடைக்கிற தண்ணி பட்டுப் பட்டு அடியில துரு ஏறி பட்டியில மஞ்சளா கறை. தரைலேருந்து ஒரு செ.மீ மேலயே நிறுத்தியிருக்கணும், எப்படியும் சுவத்தோட அடியில ஓடற ஸ்கர்ட்டிங் பட்டை மறைச்சிடும்.

8 அடியில ஓடுன மேடு

போர்டோட நீளப் பக்கம் ரெண்டும் ஃபேக்டரிலேயே கொஞ்சம் சரிவா மெலிஞ்சு வரும், ரெண்டு போர்டு சேர்ந்தா நடுவுல ஒரு ஆழமில்லாத பள்ளம் கிடைக்கும், டேப்பும் பட்டியும் அந்தப் பள்ளத்துக்குள்ள அடங்கிடும். அகலப் பக்கத்துல அந்தச் சரிவு கிடையாது. 9 அடி சுவத்துக்கு 8 அடி போர்டை நிக்க வச்சு மேல ஒரு அடித் துண்டு வச்சேன், அதனால சுவர் பூரா 8 அடி உயரத்துல சரிவே இல்லாத ஒரு குறுக்கு ஜாயின்ட். அதுமேல டேப்பும் பட்டியும் ஏறுனா மேடு வராம என்ன வரும். நாலடி மட்டக்கோலை நெட்டுக்குத்தா வச்சுப் பாத்தேன், நடுவுல ஊஞ்சல் மாதிரி ஆடுச்சு, மேடு 3 மி.மீ, நான் பட்டியை இழுத்திருந்த அகலம் வெறும் 20 செ.மீ. 20 செ.மீக்குள்ள 3 மி.மீ ஏறி இறங்குனா பக்கவாட்டு வெளிச்சம் அதைக் காட்டிக் குடுத்துடும்.

போதாக்குறைக்கு அந்த ஜாயின்ட்டுக்குப் பின்னாடி குறுக்குச் சேனல் எதுவும் போடல, ரெண்டு நெட்டுச் சேனலுக்கு நடுவுல போர்டு ஓரங்க சும்மா முட்டிக்கிட்டு நிக்குது.

இப்ப திரும்பக் கட்டுறதா இருந்தா அந்த ஒரு அடித் துண்டைத் தரைப்பக்கம் வைப்பேன். முழங்காலுக்குக் கீழ, கட்டில் அலமாரி எல்லாம் மறைக்கிற உயரத்துல, லைட்டோட பக்கவாட்டு வெளிச்சம் விழாத இடத்துல ஜாயின்ட் வந்திருக்கும். இல்லன்னா 10 அடி போர்டு வாங்கி நிக்க வச்சு மேல வெட்டியிருக்கலாம், குறுக்கு ஜாயின்ட்டே இருந்திருக்காது. போர்டு வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல சுவத்தை வரைஞ்சு எந்த ஜாயின்ட் எங்க விழுதுன்னு பாக்க அரை மணி நேரம் ஆகும், அதை நான் பண்ணல.

கல்சுவரும் சீலிங்கும்

இது சீக்கிரம் சொல்லிடலாம். கல்சுவரும் ஜிப்சம் போர்டும் ஒரே மாதிரி நீண்டு சுருங்காது, கான்கிரீட் சீலிங் பாரத்துக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் கொஞ்சம் அசையும். அந்த ரெண்டு இடத்துலயும் டேப் ஒட்டி பட்டி பூசிக் கட்டிப் போட்டா அது விரிஞ்சே தீரும், எவ்ளோ நல்லா ஒட்டுனாலும். அங்க போர்டை 6லேருந்து 10 மி.மீ இடைவெளி விட்டு நிறுத்தி, பெயின்ட் ஏறுற அக்ரிலிக் சீலன்ட்டால நிரப்பணும், அது ரப்பர் மாதிரி இழுத்துக் குடுக்கும்.

ஸ்க்ரூ விஷயமும் அப்படித்தான். தலை போர்டோட பேப்பரைக் கிழிக்காம அரை மி.மீ, ஒரு மி.மீ உள்ள அமுங்கி நிக்கணும். பேப்பர் கிழிஞ்சா ஸ்க்ரூக்குப் பிடியே கிடையாது, உள்ள இருக்கறது அழுத்துனா நொறுங்குற ஜிப்சம் தான். எட்டிப் பாத்த ஸ்க்ரூ எல்லாத்தையும் எடுத்துட்டு நாலு செ.மீ தள்ளி புதுசா போட்டேன், பழைய ஓட்டையை அடைச்சேன்.

திரும்பக் கட்டுனது

முதல்ல சட்டம். உள்மூலைல 15 செ.மீ தள்ளி இருந்த சேனலோட நடுக்கோட்டுல போர்டை நெட்டா அறுத்து அந்தப் பட்டையை மொத்தமா எடுத்தேன். மூலைல புது சேனல் நிறுத்தி, நீளக் கையோட சேனலோட சேர்த்து முடுக்கினேன். புது போர்டுப் பட்டையை வச்சு ரெண்டு ஓரத்துலயும் ஸ்க்ரூ போட்டதும் உள்ளங்கையால அமுக்கிப் பாத்தேன், கல்லு மாதிரி நின்னுச்சு. மேல ஒரு அடித் துண்டை எல்லாம் கழட்டி, கீழ்ப் போர்டோட மேல் ஓரத்துக்குப் பின்னாடி ப்ளைவுட் பட்டை வச்சு முன்னாலேருந்து ஸ்க்ரூ போட்டு, பாதி அகலம் மேல எட்டிப் பாக்கற மாதிரி விட்டு, அதுமேல துண்டைத் திரும்ப அடிச்சேன். வெட்டுன ஓரம் எல்லாத்தையும் பிளேடால சாய்வா இழைச்சு பேப்பர் பிசிறை எடுத்துட்டேன். பிசிறு விட்டா அது பட்டியோட ஈரத்தைக் குடிச்சுட்டு முள்ளு மாதிரி நிமிர்ந்து நிக்கும், எவ்ளோ தேய்ச்சாலும் போகாது.

அப்பறம் பொடிப் பட்டியால இடைவெளி அடைச்சேன். பை மேல 45னு போட்டிருக்கும், ஏறக்குறைய அத்தனை நிமிஷம் கைல வேலை செய்யலாம்னு அர்த்தம். எப்பவும் தண்ணியை முதல்ல ஊத்திட்டு அதுல பொடியைத் தூவணும், தலைகீழா பண்ணா அடியில உலர்ந்த கட்டி நிக்கும். முதல் வாளி நல்லா வந்துச்சு, ரெண்டாவது வாளி 15 நிமிஷத்துலயே இறுக ஆரம்பிச்சுது. காரணம் வாளி ஓரத்துல நான் கழுவாம விட்ட பழைய பட்டி. ஏற்கனவே இறுகுன ஜிப்சம் துளி புதுசுல கலந்தா அதைச் சுத்தி புதுசும் வேகமா இறுகும். அதுக்கப்பறம் ஒவ்வொரு தடவையும் வாளி, தகடு, குழைக்கிற கம்பி மூணையும் தேய்ச்சுக் கழுவினேன். இறுகிட்டு வர்ற பட்டில தண்ணி விட்டுத் திரும்ப இளக்கக் கூடாது, அதுக்கு பலமே இருக்காது, தூக்கிப் போட்டுடணும். இன்னொண்ணு, சீக்கிரம் காயட்டும்னு இதுமேல ஃபேன் போடாதீங்க. இறுகறதுக்கே அதுக்குத் தண்ணி வேணும், காத்து அதை முன்னாடியே இழுத்துட்டா சுண்ணாம்பு மாதிரி உதிரும். ரெடிமேட் பட்டிக்குத் தான் காத்தோட்டம் நல்லது.

உள்மூலைக்குப் பேப்பர் டேப். ரெண்டு பக்கமும் பட்டியை ரெண்டு விரல் அகலத்துக்கு மேல இழுத்து, டேப்பை மடிச்சு விரலால மெதுவா உள்ள உக்கார வச்சு, பட்டித் தகட்டைச் சாய்வா பிடிச்சு நடுவுலேருந்து மேலயும் நடுவுலேருந்து கீழயும் இழுத்தேன். தகட்டோட முனை மடிப்புல குத்தக் கூடாது, குத்துனா பேப்பர் அங்கயே அறுந்துடும். அடுத்த பூச்சு இன்னிக்கு இடது பக்கம், நாளைக்கு வலது பக்கம். ரெண்டையும் ஒரே நாள்ல போட்டா ஒண்ணை இழுக்கும்போது இன்னொண்ணை தகடு சுரண்டிடும், அதைச் சரி பண்ணப் போயி மூலைல பட்டி குவிஞ்சுடும். மடிப்புல பட்டி எவ்ளோ கம்மியா இருக்கோ அவ்ளோ நல்லது. பெரியவர் ரெண்டாவது தடவை வந்தப்ப இதைப் பாத்துட்டு, "இப்ப தான் டேப் வேலை செய்யுது, முன்னாடி பட்டி வேலை செஞ்சுச்சு"ன்னார்.

வெளிமூலைக்கு இரும்பு பீடைக் கழட்டிட்டு பேப்பர் ஒட்டுன மெட்டல் பீட் வாங்கினேன், அதுக்கு ஸ்க்ரூ தேவையில்ல, ரெண்டு பக்கமும் பட்டி வச்சு அதுல பதிச்சு, பேப்பர் இறக்கைக்கு அடியில இருக்கிற அதிகப்படியை வழிச்சு எடுக்கறது தான். பேப்பர் போர்டோட ஒண்ணா ஒட்டிக்கறதால ஓரத்துல விரிசல் விழ வழி ரொம்பக் கம்மி. பதிச்ச உடனே ரசமட்டம் வச்சு நேரா நிக்குதான்னு பாக்கணும், பட்டி ஈரமா இருக்கும்போது தான் நகத்த முடியும். அதுக்கப்பறம் தகட்டோட ஒரு முனை பீட் மூக்குல, இன்னொரு முனை சுவத்துல ஓடற மாதிரி இழுத்தா நடுவுல இருக்கிற பள்ளம் தானா நிரம்பும்.

குறுக்கு ஜாயின்ட்டை மட்டும் மூணு நாள் இழுத்தேன். மேட்டுமேல பட்டியே ஏத்தல, மேட்டுக்கு மேலயும் கீழயும் இருக்கிற தாழ்வை நிரப்பி, ரெண்டு பக்கமும் 30 செ.மீ வரைக்கும் மெலிய விட்டேன். மொத்தம் 60 செ.மீ அகலம். மேல் பக்கம் அது சரியா சீலிங் வரைக்கும் போயிடுச்சு.

ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவுல ஒரு நாள்னு டப்பால போட்டிருக்கும். அது ஓரளவு காய்ஞ்ச காத்துக்குச் சொன்னது, மழை நாள்ல ரெண்டு நாள் கூட ஆகும். முதல் தடவை 4 நாள்ல முடிச்சேன்னு சொன்னேன்ல, அதுல ரெண்டு நாள் மழை. ஈரத்து மேல ஈரத்தைப் பூசிட்டே போயிருக்கேன், அடியில இருந்தது பெயின்ட் அடிச்சப்பறம் காஞ்சு சுருங்கியிருக்கு. இப்ப காலண்டரைப் பாக்கறதில்ல, கையை வச்சுப் பாக்கறேன். புறங்கையை வச்சா சில்லுனு இருந்தா இன்னும் தண்ணி ஆவியாகிட்டு இருக்குன்னு அர்த்தம், நிறமும் திட்டுத் திட்டா சாம்பலா இருக்கும், பூரா வெளுத்து சுவத்தோட சூடே இருந்தா அடுத்த பூச்சுக்குப் போலாம்.

தேய்க்கறது கடைசி ஒரு தடவை மட்டும். நடுவுல வர்ற சின்னச் சின்ன மேட்டை எல்லாம் தகட்டால சீவி விட்டா போதும். ரூமை இருட்டாக்கி, ஒரு லைட்டை சுவத்தோட ஒட்டுனாப்பல பக்கவாட்டுல வச்சு, குறையைப் பென்சில்ல வட்டம் போட்டு, 150 நம்பர் உப்புத்தாள்ல தேய்ச்சேன். போர்டு பேப்பர் பஞ்சு மாதிரி எழும்பற வரைக்கும் தேய்க்கக் கூடாது. உள்மூலைல ஈர ஸ்பாஞ்ச் தான், உப்புத்தாள் அங்க டேப்பைக் கடிச்சிடும். மாஸ்க்கை விடவே கூடாது, நல்லா முகத்தோட ஒட்டுற மாஸ்க். இந்தத் தூசி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுணுக்கம், சில சரக்குல சிலிகாவும் இருக்கும். பழைய வீட்டுச் சுவத்தைச் சுரண்டறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், ஒரு காலத்துல ஜாயின்ட் காம்பவுண்ட்ல ஆஸ்பெஸ்டாஸ் கலந்தாங்க, அமெரிக்கால அதைத் தடை பண்ணதே 1977ல தான். அந்தக் கால சுவர்னா சோதிச்சுப் பாக்காம தேய்க்காதீங்க.

பெயின்ட்டுக்கு முன்னாடி ப்ரைமர் கண்டிப்பா. பட்டி குடிக்கிற அளவும் பேப்பர் குடிக்கிற அளவும் வேற, ப்ரைமர் இல்லாம அடிச்சா ஜாயின்ட் எல்லாம் பட்டை பட்டையா தெரியும். இந்தத் தொழில்ல ஃபினிஷை 0லேருந்து 5 வரைக்கும் லெவலா பிரிப்பாங்க, பளபளப்பில்லாத பெயின்ட்டுக்கு லெவல் 4 போதும், அதாவது டேப் பூச்சுக்கு மேல நேர் ஜாயின்ட்ல இன்னும் ரெண்டு பூச்சு. பளபளப்பு பெயின்ட்டுக்கோ, ஜன்னல் வெளிச்சம் சுவத்தோட ஓடற இடத்துக்கோ லெவல் 5, சுவர் பூரா மெல்லிசா ஒரு பூச்சு. முதல் தடவை நான் அடிச்சது பளபளப்பு பெயின்ட், சுவர் இருந்தது லெவல் 4க்கும் கீழ. இந்தத் தடவை மங்கல் பெயின்ட்டுக்கு மாறிட்டேன், அம்மாவுக்கும் அது தான் கண்ணுக்கு இதமா இருக்காம்.

10 மாசம் கழிச்சு

ரூம் உள்பக்கம் முடிச்சு 10 மாசம் ஆகுது, ஒரு மழைக்காலமும் ஒரு வெயில் காலமும் தாண்டிடுச்சு. அறுத்த ஆறு இடத்துலயும் மாசத்துக்கு ஒரு தடவை அதே பக்கவாட்டு லைட்டை வச்சுப் பாத்து நோட்டுல எழுதறேன். உள்மூலை, நேர் ஜாயின்ட், வெளிமூலை மூணுலயும் எதுவும் இல்ல. ஸ்க்ரூ ஒண்ணு கூட எட்டிப் பாக்கல. சீலிங்ல 40 செ.மீ நீளத்துக்கு சீலன்ட் ஒரு பக்கம் மயிரிழை விட்டுருக்கு, அங்க இடைவெளி 4 மி.மீ தான் விட்டிருந்தேன், அசையறதுக்கு அவ்ளோ போதல. அதைக் கீறி எடுத்து அகலமாக்கி திரும்ப நிரப்பணும், பெரிய வேலை இல்ல. ஹால் பக்கத்துக் குறுக்கு ஜாயின்ட் மட்டும் சாயங்காலத்துல இன்னும் தெரியுது. அந்தப் பக்கம் அவசரத்துல 40 செ.மீயோட நிறுத்திட்டேன், பின்னாடி ப்ளைவுட் வச்சதால விரியல, ஆனா மேடு இருக்கு. மழை விட்டதும் அதையும் 60 ஆக்கப் போறேன், மச்சான்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.